இரு மொழிகளுக்கு இடையே ஒரு குழந்தை

தமிழ் வழங்கும் எல்லைக்கு வெளியே குடும்பம் நடத்தும் நம்மவர் வீடுகளில் குழந்தை பேசத் தாமதித்தால், இரண்டு சமாதானங்கள் உடனே கிடைத்துவிடுகின்றன. "வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பிள்ளை குழம்பியிருக்கிறது. போகப் போகத் தானே பேசும்" என்பது ஒன்று. "வீட்டு மொழியை விட்டுவிடுங்கள், பள்ளிக்கூட மொழி ஒன்றையே பேசுங்கள்" என்பது மற்றொன்று. முதலாவது சமாதானம் கிடைத்தற்கரிய காலத்தை வீணாக்குகிறது. இரண்டாவது தாயின் வாயை அடைத்துவிடுகிறது. ஆட்டிசம் என்னும் வளர்ச்சிக் குறைபாடு உள்ள குழந்தையின் வாழ்வில் இவ்விரண்டும் எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது.

நாம் பிறந்து வளர்ந்தது பாறசாலைப் பகுதியில். வயிற்றுப் பிழைப்பு, ரயில்வேயில் எழுத்தர் வேலை. படிப்பு மெட்ரிகுலேஷனோடு நின்றது. மருத்துவம் பேச நமக்கு ஏது தகுதி என்று சிலர் கேட்கலாம். நம் தமக்கையார் வீட்டில் இக்குறைபாடுள்ள மகன் ஒருவன் வளர்ந்து வருகிறான். அவனுக்கு இப்போது வயது ஒன்பது. அவன் பொருட்டு நூல்களைத் தேடிப் படித்தோம். மருத்துவர்களையும் பயிற்சி ஆசிரியைகளையும் கேட்டறிந்தோம். அதனைப் பகிர்ந்துகொள்வதே நம் நோக்கம்.

எல்லைப்புறத்து வீடுகள்

1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிக்கப்பட்டபோது, பழைய திருவிதாங்கூரைச் சேர்ந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. கோடு நிலத்தில் விழுந்ததேயன்றி வீடுகளில் விழவில்லை. பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்குச் சென்று சாமான் வாங்குவதும், எல்லைக்கு இப்புறமும் அப்புறமுமாகப் பெண் கொடுத்து எடுப்பதும் இன்றும் நடக்கின்றன. 1979-இல் திருவனந்தபுரத்துக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ரயில் பாதை திறக்கப்பட்டது. அப்பாதையில் தெற்கு நோக்கிச் செல்வோர்க்குக் கேரளத்தின் கடைசி நிலையம் பாறசாலையே. இங்குள்ள தமிழ்க் குழந்தை தாயிடம் தமிழும், அங்கன்வாடியில் மலையாளமும் கேட்டு வளர்கிறது. பம்பாயிலும் டில்லியிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம்மவர் குழந்தைகளின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆகவே இங்கு நடந்தது எங்கும் பொருந்தும்.

ஆட்டிசம் என்பது யாது?

தமிழில் சிலர் இதனை 'மதியிறுக்கம்' என்பர். இது தொற்று நோயுமன்று, பைத்தியமுமன்று. மூளை வளரும் முறையிலேயே உள்ள ஒரு வேறுபாடு. பிறரோடு கலந்து பழகுவதிலும், கருத்தைத் தெரிவிப்பதிலும் இடர்ப்பாடு. ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்தல். ஒலி, ஒளி, தொடுகை, சுவை ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்தல் - இவை இதன் பொது இயல்புகள். எல்லாக் குழந்தைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிலர் சரளமாகப் பேசிப் பட்டமும் பெறுவர்; சிலர் வாழ்நாள் முழுவதும் பேசாமலே இருப்பர். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2021-இல் உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு இது இருந்தது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடமே மிகுதியாகக் கண்டறியப்படுகிறது.

1943-இல் அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரில் லியோ கான்னர் என்னும் மருத்துவர், 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து எழுதிய கட்டுரையே இத்துறையில் பெரும் திருப்பமாயிற்று. ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் பெரியதோர் அநியாயமும் நடந்தது. தாயின் அன்பு குளிர்ந்துபோனதால்தான் குழந்தை இவ்வாறு ஆயிற்று என்று மேனாட்டு அறிஞர் பலர் எழுதினர். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் ஒரு பெரிய நூலே எழுதி இப்பழியைப் பரப்பினார். அப்பழியை எதிர்த்து நின்றவர்களில் முன்னணியில் இருந்தோர் பெற்றோரே. பெர்னார்டு ரிம்லாந்து என்பவர் ஆட்டிசம் உள்ள மகனின் தந்தை, உளநூல் வல்லவர். இது மூளையைச் சார்ந்ததேயன்றித் தாயின் குற்றமன்று என்று 1964-இல் நூல் எழுதி வாதாடினார். 1962-இல் லண்டனில் பெற்றோர் ஒன்றுகூடிச் சங்கம் கண்டனர். 1969-இல் பெற்றோர் கூட்டமொன்றில் கான்னரே எழுந்து, பெற்றோர்மீது குற்றமில்லை என்று வெளிப்படையாகக் கூறினார். 1977-இல் வெளிவந்த இரட்டைக் குழந்தைகள் பற்றிய ஆய்வு, பரம்பரைக் கூறுகளுக்கு இதில் பெரும் பங்கு உண்டு என்று காட்டிற்று.

அங்கே ஓய்ந்த பழி நம் ஊர்களில் இன்னும் ஓயவில்லை. "கர்ப்ப காலத்தில் என்ன செய்தாளோ", "போனைக் கையில் கொடுத்துக் கெடுத்தாள்", "கொஞ்சிப் பேசத் தெரியாதவள்" என்று தாயையே சுட்டுகிறோம். தடுப்பூசியைப் பழிப்போரும் உண்டு. அப்பழிக்கு மூலமாயிருந்த 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, அதனை வெளியிட்ட லான்செட் என்னும் மருத்துவ இதழே 2010-இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

காத்திருத்தல் கூடாது

ஓராண்டு நிரம்பிய குழந்தை தன் பெயரைக் கேட்டுத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒன்றரை வயதில் வேண்டிய பொருளை விரல் நீட்டிக் காட்டவில்லை. இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" போல இரு சொல் சேர்த்துச் சொல்லவில்லை. முன்பு பேசிய சொற்களை இழந்துவிட்டது - இவற்றில் எது கண்டாலும் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு 'எம்-சாட்' என்னும் வினாப் பட்டியல் உண்டு. இருபதே கேள்விகள், தமிழாக்கமும் இருக்கிறது. அது முடிவான தீர்ப்பன்று. மேற்கொண்டு சோதிக்க வேண்டுமா என்பதையே அது சொல்லும்.

இங்குதான் 'இரண்டு மொழி' என்னும் சமாதானம் குறுக்கே வந்து நிற்கிறது. இரு மொழி கேட்டு வளரும் குழந்தை ஒரு மொழிச் சொற்களை மற்றொன்றோடு கலந்து பேசலாம். ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதிருப்பதற்கும், விரல் நீட்டிக் காட்டாதிருப்பதற்கும் மொழி காரணமன்று. விரல் நீட்டுவதற்கு எந்த மொழியும் வேண்டுவதில்லையன்றோ! நம் தமக்கையார் மகன் இரண்டு வயதில் சிரட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டு மணிக்கணக்கில் அமர்ந்திருப்பான், அழைத்தால் திரும்பமாட்டான். "ரெண்டு பாஷை கேக்குற பிள்ளை, மெள்ளப் பேசும்" என்றே அண்டை வீட்டார் அனைவரும் கூறினர். ஆச்சி வசம்பைச் சுட்டு உரைத்து நாவில் தடவினார். கோயிலுக்கு நேர்ச்சையும் நேர்ந்தாயிற்று. நேர்ச்சை மனத்துக்கு ஆறுதல். அதை நாம் குறை சொல்லோம். ஆயினும் பயிற்சியை அதற்காகத் தள்ளிப்போடுதல் தகாது. திருவனந்தபுரத்தில் குறைபாடு இன்னதென்று உறுதியானபோது அவனுக்கு மூன்றரை வயது.

'மதி'யும் 'போதும்' என்பதும்

உறுதியான பின் வந்தது இரண்டாவது சமாதானம். பேச்சுப் பயிற்சியளித்த ஒருவர், "இனி வீட்டில் மலையாளம் மட்டுமே பேசுங்கள்; இரண்டு மொழி இக்குழந்தை தாங்காது" என்று கூறிவிட்டார். தமக்கையார் சொன்னதைத் தவறாது கடைப்பிடிப்பவர். "மக்களே" என்று அழைத்த வாய் "மோனே" என்று அழைக்கப் பழகிற்று. அவருக்குக் கடைத்தெரு மலையாளம் தெரியும். பிள்ளையைக் கொஞ்சவும், தாலாட்டவும், கோபித்துக்கொள்ளவும் தெரிந்த மொழி தமிழ் ஒன்றே. ஆகவே நாளடைவில் பேச்சே குறைந்தது. ரப்பர் பால் வெட்ட விடியுமுன் போய்விடும் அத்தானும் மகனிடம் சைகையோடு நிறுத்திக்கொண்டார். ஆச்சிக்கோ மலையாளத்தில் கதை சொல்ல வராது. பேரனருகே வாய்மூடி அமர்ந்திருந்தார். எட்டு மாதம் அவ்வீட்டில் பேச்சுக்குப் பஞ்சம். பேச்சு வரவேண்டிய குழந்தையைச் சுற்றிப் பேச்சே இல்லாமற் போயிற்று.

பின்னர் வேறொரு பயிற்சி ஆசிரியை வந்தார், மலையாளப் பெண்மணி. நிலைமையைக் கேட்டறிந்ததும், "அம்மாவுக்கு எந்த மொழியில் அன்பு வருகிறதோ அந்த மொழியில் பேசுங்கள், பள்ளிக்கூட மொழியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார். ஆராய்ச்சி நூல்களும் அவர் பக்கமே நிற்கின்றன. 2012-இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஹாம்ப்ளி, ஃபோம்போன் என்னும் இருவர் ஆட்டிசம் உள்ள 75 குழந்தைகளை ஆராய்ந்தனர். இரு மொழி கேட்டு வளர்ந்தோர், ஒரு மொழியே கேட்டு வளர்ந்தோரைவிட மொழி வளர்ச்சியில் பின்தங்கவில்லை என்பதே அவர்கள் கண்ட முடிவு. பிற நாடுகளில் பின்னர் நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அவ்வாறே கூறின.

அந்த ஆசிரியை படச் சீட்டுகளைக் கொண்டு கற்பித்தார். விரித்த உள்ளங்கைப் படம் ஒன்று. அதன் பொருள், "நிறுத்துங்கள், எனக்கு இதற்குமேல் வேண்டாம்" என்பது. அதன் கீழே மலையாளத்தில் 'மதி' என்றும், வீட்டில் வைத்த சீட்டில் தமிழில் 'போதும்' என்றும் எழுதப்பட்டது. சோறு பரிமாறும்போதும், குளிப்பாட்டும்போதும், மிக்சி இரையும்போதும் அச்சீட்டைக் காட்டி அச்சொல்லையே சொல்லிவந்தனர். பல மாதங்கள் பலனே தெரியவில்லை. பின்னர் சீட்டை எடுத்து நீட்டினான். அதன் பின்னரே சொல் வந்தது. பள்ளியில் ஆசிரியையிடம் "மதி" என்பான். வீட்டில் அம்மாவிடம் "போதும்" என்பான். இரண்டையும் மாற்றிச் சொன்னதில்லை. 'மதி' என்றால் தமிழில் நிலவு, மலையாளத்தில் போதும் என்று நாம் வியந்து பேசிக்கொண்டிருக்கிறோம். அவனோ, யாரிடம் எது என்பதைப் பிசகாமல் அறிந்து வைத்திருக்கிறான்.

அச்சொல்லின் மதிப்பை ஒரு கோயில் திருவிழாவில் கண்டோம். செண்டை மேளமும் வெடியும் ஒன்றாக முழங்கின. முன்னாட்களில் அத்தகைய ஓசை கேட்டால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். நால்வர் சேர்ந்து பிடிக்க வேண்டும். அன்று அம்மாவின் முந்தானையை இழுத்து, "போதும்" என்றான். தமக்கையார் ஒரு நொடியும் தாமதியாமல் அவனைக் கூட்டிக்கொண்டு வெளியேறினார். அவ்வளவே நடந்தது. அவன் இன்று பேசும் சொற்கள் நாற்பதுக்கு மேல் இரா. உரையாடல் இன்னும் கைகூடவில்லை. ஆயினும் தன் துன்பத்தைத் தன் தாய்க்குச் சொல்ல ஒரு சொல் கிடைத்துவிட்டது. அந்த ஒரு சொல்லால் சுவரில் தலை மோதுவது பெரிதும் குறைந்தது. மொழி எதற்காக என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு மனிதர் உலகம் முன்பே சிறியது. வீட்டு மொழியை எடுத்துவிட்டால் அதிலிருந்து ஆச்சியும், மாமனும், விடுமுறைக்குச் செல்லும் சொந்த ஊரும் கழிந்துபோவர். ஆகவே பயிற்சி எந்த மொழியில் நடப்பினும் நடக்கட்டும்; வீட்டில் தாய்மொழி நிற்கட்டும். ஒன்றை மட்டும் செய்தல் நலம்: பள்ளியில் காட்டும் அதே படத்தை வீட்டிலும் காட்டி, நம் சொல்லை அதனடியில் எழுதிக்கொள்ளுதல். சிறு சிறு வாக்கியங்களாகப் பேசுதல் வேண்டும். ஒரு பொருளுக்கு நாள்தோறும் அதே சொல்லைச் சொல்லுதல் வேண்டும். கேட்டபின் விடைக்காகப் பத்து எண்ணும் அளவு காத்திருத்தல் வேண்டும்.

அன்றாட வாழ்க்கை

இத்தகைய வீட்டின் நாள், ரயில் கால அட்டவணை போன்றது. ஒன்று தவறினால் பின்வருவன யாவும் தவறும். எழுதல், குளித்தல், உண்ணல், உறங்கல் ஆகியவற்றைப் படங்களாக வரிசைப்படுத்திச் சுவரில் ஒட்டிவைத்தால், அடுத்து வருவது இன்னதென்று குழந்தைக்குத் தெரியும், கலக்கம் குறையும். விருந்தினர் வருகை, முடிவெட்டு, ரயில் பயணம் முதலியவற்றை முன்னாளே படம் காட்டிச் சொல்லிவைக்க வேண்டும். உணவிலும் பிடிவாதம் இருக்கும். நம் மருமகன் நெடுநாள் புட்டும் மரச்சீனியும் தவிர வேறொன்றும் தொடவில்லை. அடித்து ஊட்டினால் உள்ளதும் போய்விடும். தட்டின் ஓரத்தில் சிறிது சிறிதாகப் புதியதை வைத்துப் பழக்குவதே வழி. இக்குழந்தைகளிற் பலர் ஆபத்து உணராமல் வெளியே ஓடிவிடுவதுண்டு. தண்டவாளமும் குளமும் அருகிலிருக்கும் வீடுகள் மிகக் கவனமாக இருத்தல் வேண்டும். பெயரும் பெற்றோர் தொலைபேசி எண்ணும் எழுதிய வளையலோ அட்டையோ எப்போதும் உடலில் இருக்கட்டும்.

உடன்பிறந்த குழந்தைகளையும் மறத்தலாகாது. "உனக்கு எல்லாம் தெரியுமே, நீ விட்டுக்கொடு" என்றே கேட்டு வளரும் அக்குழந்தைக்கும் தாயின் மடியில் ஒரு பங்கு நாள்தோறும் ஒதுக்கப்பட வேண்டும்.

உதவி எங்கே?

1997-இல் தொடங்கி இப்போது திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இயங்கும் தேசியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும், மருத்துவக் கல்லூரி வளாகத்துக் குழந்தை வளர்ச்சி மையமும் பெயர் பெற்றவை. ஊராட்சிகள் நடத்தும் 'பட்ஸ்' பள்ளிகளில் முதலாவது 2004-இல் திருவனந்தபுரம் மாவட்டத்து வெங்ஙானூரில் தோன்றியது. தமிழ்நாட்டில் சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோர்க்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்கிவருகிறது. எந்த மாநிலமாயினும், 2013 முதல் நடைபெறும் சிறார் உடல்நலத் திட்டத்தின்கீழ் அமைந்த தொடக்கநிலைச் சிகிச்சை மையம் மாவட்டத்தில் எங்குள்ளது என்று அரசு மருத்துவமனையிலோ அங்கன்வாடியிலோ கேட்டறியலாம்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள குழந்தைக்கு 6 வயது முதல் 18 வரை கட்டணமின்றிக் கல்வி பெற உரிமை உண்டு. மத்திய அரசின் தனித்துவ அடையாள அட்டை நாடெங்கும் செல்லும். ஒரு மாநிலத்திலிருந்து மறு மாநிலம் செல்லும் நம்மவர்க்கு இது மிக இன்றியமையாதது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு, ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பிள்ளைக்கு 18 நிறைந்தபின் சட்டப்படியான பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

நம் துறையைப் பற்றியும் சிறிது கூறுவோம். அறிவு வளர்ச்சிக் குறைவால் துணையின்றிப் பயணம் செய்ய இயலாதவர் என்று அரசு மருத்துவர் சான்று அளித்தால், அவருக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்பிலும் படுக்கை வகுப்பிலும் 75 விழுக்காடு கட்டணச் சலுகை உண்டு. மத்திய அரசு ஊழியராயின், குறைபாடுள்ள குழந்தையைப் பேணும் பெற்றோரை வழக்கமான இடமாற்றத்திலிருந்து விலக்க ஆணை இருக்கிறது. தானே சம்பாதிக்க இயலாத அத்தகைய பிள்ளைக்கு, பெற்றோர் காலத்துக்குப்பின் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கவும் விதியுண்டு. பணியில் இருக்கும்போதே பிள்ளையின் பெயரையும் மருத்துவச் சான்றையும் அலுவலகத்தில் பதிவு செய்துவைத்தல் நன்று. "எனக்குப்பின் என் பிள்ளை?" என்று ஏங்கும் தந்தைக்கு இது சிறு தூணாகும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. ஆட்டிசத்தை அடியோடு நீக்கும் மருந்து இதுவரை இல்லை. நீக்குவதாகச் சொல்லி லட்சக்கணக்கில் பணம் பறிப்போர் உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைக்கத் தக்கதன்று என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் நெறிமுறை வாரியம் 2022-இல் தெரிவித்தது. நிலத்தை விற்று அத்தகையோரிடம் கொடுக்குமுன், அப்பணம் எத்தனை ஆண்டுப் பயிற்சிக்கு ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

நம் கடமை

இக்குழந்தைகளின் பெற்றோர் பலர் திருமணங்களுக்கும் சங்க விழாக்களுக்கும் வருவதை நிறுத்திவிடுகின்றனர். குழந்தை கூச்சலிடுமே, காதைப் பொத்திக்கொண்டு ஓடுமே, பிறர் பார்ப்பார்களே என்னும் அச்சமே காரணம். சொந்த மண்ணைவிட்டு வந்து வாழும் குடும்பத்துக்குச் சங்கமே சுற்றம். அச்சுற்றமும் கதவடைத்தால் அக்குடும்பம் எங்கே போகும்? பொங்கல் விழாவில் ஒலிபெருக்கியைச் சற்றே தாழ்த்தி வைக்கலாம். மண்டபத்தில் ஓசையில்லாத ஓர் அறையைத் திறந்துவைக்கலாம். குழந்தை தரையில் புரண்டால் வெறித்துப் பாராமல், தாய்க்கு ஓர் உதவிக்கை நீட்டலாம். வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் அக்குழந்தையோடு இருந்து, அத்தாய் உறங்கவோ கோயிலுக்குச் சென்றுவரவோ வழிசெய்யலாம். இவற்றுக்குப் பணமும் வேண்டா, படிப்பும் வேண்டா.

எல்லாவற்றினும் மேலாக, அக்குழந்தையிடம் தமிழில் பேசுவோமாக. அது திரும்பிப் பாராவிட்டாலும் பேசுவோமாக. விடை வராவிட்டாலும் பேசுவோமாக. கேட்கவில்லை என்று நாம் எண்ணும் செவிகள் பல சொற்களைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று என்றேனும் வெளிவரும்போது, அதைப் புரிந்துகொள்ள அருகில் நாம் இருத்தல் வேண்டும்.